வாச்சாத்தியை ஜோ சாக்கோ வழியில் வரையலாமா?

தகடூரான்

நண்பர்களே, தர்மபுரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் படிக்கிறோம். மூணு மாசமா ஜோ சாக்கோதான், நேர்ல போய்க் கேட்ட செய்தியைக் காமிக்ஸா வரையற பத்திரிகையாளர். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1960இல் மால்டாவில் பிறந்தவர். சிறு வயசு ஆஸ்திரேலியாவில், பிறகு அமெரிக்கா. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிச்சார். 1991 கடைசியில் பாலஸ்தீனம் போய், வீடு வீடா உட்கார்ந்து டீ குடிச்சுக் கேட்டதையெல்லாம் ஒன்பது இதழ்களா வரைஞ்சார். அதுதான் ‘பாலஸ்தீன்’. 1996இல் அமெரிக்கன் புக் விருது. அப்புறம் போஸ்னியா போனார், ‘சேஃப் ஏரியா கொராஷ்தே’ 2000இல் வந்தது. காஸாவில் 1956இல் நடந்த கொலைகளைத் தேடிப்போய் ‘ஃபுட்நோட்ஸ் இன் காஸா’வை 2009இல் முடிச்சார். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் கையால் இழுத்த கோடு.

எங்க குழுவில் ஒரு தம்பி நல்லா வரைவான். அவனை வெச்சு வாச்சாத்தியை இதே முறையில் வரையணும்னு நான் சொன்னேன். குழு ரெண்டாகிப் போச்சு. அதான் இங்க கொண்டுவந்தேன்.

1992 ஜூன் 20. வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர். சந்தனக்கட்டை தேடுறோம்னு அரூர்ப் பக்கத்துல வாச்சாத்திங்கிற மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள நுழைஞ்சாங்க. 18 பெண்களை என்ன செஞ்சாங்கன்னு நான் இங்க எழுத வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 29 அன்னிக்கு தர்மபுரி நீதிமன்றம் உயிரோட இருந்த 215 பேரையும் குற்றவாளின்னு சொன்னது, மிச்சம் 54 பேர் அதுக்குள்ள செத்துட்டாங்க. அந்தத் தீர்ப்பு வந்தப்போ காலேஜ்ல இருந்தேன், கோர்ட் வாசல்ல நின்னேன். எங்க மாவட்டத்துக் கதை இது. வரையலாமா, கூடாதா?

குறுக்குவிசாரணை

கூடாது. காரணம் சொல்கிறேன்.

சாக்கோ ஏன் 1956ஐத் தேடிப் போனார் என்று அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. 2001இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காகக் காஸா போகிறார். அங்குள்ள கான் யூனிஸ் நகரில் 1956இல் நடந்த படுகொலை பற்றி முதியவர்கள் சொன்ன பகுதியை ஆசிரியர்கள் வெட்டிவிடுகிறார்கள். ஐ.நா. அறிக்கை ஒன்றில் 275 பேர் என்று ஒரு எண். அதற்கு மேல் ஆங்கிலத்தில் அநேகமாக எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பேனாவை எடுத்தார். அடிக்குறிப்பு என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

வாச்சாத்தி அடிக்குறிப்பு அல்ல. சி.பி.ஐ. விசாரணை இருக்கிறது, சாட்சிகள் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்றிருக்கிறார்கள், தீர்ப்பு இருக்கிறது, 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. இத்தனை வருடம் போராடி அந்தப் பெண்கள் சம்பாதித்த சொத்து என்ன? தாங்கள் சொன்னது உண்மை என்று பதிவானது. அதன் மேல் ஒரு ஓவியர் தன் கற்பனையை ஏற்றினால், நாளைக்கே ஒருவன் வந்து “இந்தப் படத்தில் லாரி இந்தப் பக்கம் நிற்கிறது, வாக்குமூலத்தில் அந்தப் பக்கம், அப்படியென்றால் மொத்தமும் கட்டுக்கதை” என்பான். அவன் கையில் ஆயுதத்தைக் கொடுக்க நான் தயாரில்லை.

மாயாவி ரசிகன்

நான் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த ஆளு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு கடையில டெக்ஸ் வில்லர் வந்துச்சான்னு தினம் போய்க் கேப்பேன். ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. காமிக்ஸ்னா அடுத்த பக்கம் திருப்பணும்னு கை துடிக்கணும். சாக்கோ புத்தகத்தை ஒரு நண்பர் கொடுத்தார், இருபது பக்கத்துல மூச்சு முட்டுச்சு. எல்லார் முகமும் கோணலா, உதடு தடிப்பா, எழுத்துப் பெட்டியெல்லாம் சரிஞ்சு கெடக்குது. பாதிக்கப்பட்ட ஜனங்களை அப்படி அசிங்கமா வரையறது சரியா? நம்ம ஜனங்களை அப்படி வரைஞ்சா அவங்க பொறுத்துக்குவாங்களா?

மையும் நிப்பும்

மாயாவி அண்ணா, நீங்க சொல்ற கோணல் முகம் ‘பாலஸ்தீன்’ முதல் இதழ்கள்ல இருக்கிறது உண்மை. பெரிய கம்பெனிகளுக்கு வெளிய அமெரிக்காவுல வந்த அண்டர்கிரவுண்டு காமிக்ஸ் பழக்கம், அதுல பேர்போன ஓவியர் ராபர்ட் கிரம்ப் பாதிப்பு. ஆனா அதே புத்தகத்துக்குள்ளேயே அவர் கை மாறிக்கிட்டே வரும், பின்பாதியில முகங்கள் முகங்களா ஆயிடும். கொராஷ்தே வரும்போது ஒவ்வொருத்தரையும் தெருவுல பார்த்தா அடையாளம் தெரியும். கடைசி வரைக்கும் கார்ட்டூனாவே இருக்கிறது அவரோட சொந்த முகம் ஒண்ணுதான். வட்டக் கண்ணாடி, உள்ள கண்ணே இருக்காது. வெறும் வெள்ளை.

மூச்சு முட்டுச்சுன்னீங்களே, அந்த இடம் எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். கஸ்ஸான்ங்கிற பாலஸ்தீனியரை இஸ்ரேல்காரங்க புடிச்சுட்டுப் போய், தலையில சாக்கு மாட்டி உட்கார வெச்சிருப்பாங்க. முதல் பக்கத்துல பெரிய பெரிய கட்டமா ஆரம்பிக்கும், வீட்ல குழந்தைகளோட இருப்பார். பக்கம் திரும்பத் திரும்பக் கட்டம் சின்னதாகும், எண்ணிக்கை கூடும். கட்டங்களுக்கு நடுவுல வழக்கமா வெள்ளையா இருக்கிற இடைவெளி கறுப்பாயிடும். கடைசியில ஒரே பக்கத்துல இருபது கட்டம், தீப்பெட்டி அளவு. அதுக்குள்ள அந்த மனுஷன் தூக்கமில்லாம என்னென்னவோ பார்ப்பார். வெளிய விட்டதும் ஒரு பெரிய கட்டம், தெரு, ஜனங்க, வெளிச்சம். அந்த இடத்துல நானும் ஒரு மூச்சு விட்டேன். “அவரைப் பல நாள் அடைத்து வைத்தார்கள்”னு ஒரு வரி எழுதினா எனக்கு இது புரிஞ்சிருக்குமா?

தகடூரான் அண்ணா சொல்ற அந்தத் தம்பி நான்தான். குறுக்குவிசாரணை சார், உங்க கேள்வியை ரெண்டு நாளா யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்.

குறுக்குவிசாரணை

தம்பி, அந்தப் பக்கங்கள் அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து தானே சொன்னார், சொல்ல விரும்பினார். இங்கே நிலைமை வேறு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படி குற்றம். புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. பெயர் போடாமல் விட்டாலும், சாக்கோ பாணியில் முகத்தை முகமாக வரைந்தால் அது அடையாளமே. முகத்தை மறைத்து வரைந்தால் அந்தப் பாணியின் உயிரே போய்விடுகிறது. இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

பாரூர் ஏரிக்கரை

சட்டத்துக்கு அப்புறம் வர்றேன். எனக்குச் சாக்கோ மேலயே ஒரு வருத்தம் உண்டு. அவர் நம்ம நாட்டுக்கும் வந்திருக்கார். உத்தரப் பிரதேசத்துல குஷிநகர் மாவட்டத்துல தலித் குடும்பங்களோட வறுமையை வரைஞ்சு 2012 தொகுப்புல சேர்த்திருக்கார். 2013 முசாபர்நகர் கலவரத்தைப் பத்தியும் தனிப் புத்தகம் 2025ல வந்துடுச்சு. வெளிநாட்டுக்காரர் வந்து கேட்டாத்தான் நம்ம ஊர் ஏழை வாயைத் தொறப்பான், அதை ஆங்கிலத்துல போட்டாத்தான் நாமளும் படிப்போம்ங்கிற நிலைமை எனக்கு வலிக்குது. அதனாலயே தகடூரான் பக்கம் நிக்கிறேன். நம்ம ஊர்ப் பையன் நம்ம மொழியில வரையட்டும்.

இன்னொண்ணு. தர்மபுரி அருங்காட்சியகத்துல நடுகல் பார்த்திருப்பீங்க. மாடு மீட்கப் போய்ச் செத்தவனைக் கல்லுல வெட்டி, கையில வில்லு, உடம்புல அம்பு, பக்கத்துலயே இன்னார் மகன் இன்ன ராசா காலத்துல பட்டான்னு எழுத்து. படமும் எழுத்தும் ஒரே கல்லுல. நமக்கு இது புதுசா என்ன?

சித்தேரி மிளகு

இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். நான் மலைப் பக்கத்துப் பொண்ணு, அரூர்ல வேலை பார்க்கிறேன். வாச்சாத்தியில சொந்தக்காரங்க இருக்காங்க.

நடுகல் பேச்சு எடுத்தவருக்கு: அண்ணா, நடுகல் வீரனுக்கு. சண்டை போட்டுச் செத்தவனுக்கு. அன்னிக்கு எங்க ஊர்ல ஆம்பளைங்க மலைக்கு ஓடிட்டாங்க. சிக்கினது பொம்பளைங்க, கெழவங்க, புள்ளைங்க. ஆலமரத்தடியில கூட்டிவெச்சு அடிச்சாங்க. யாருக்குங்க கல் வெட்டுவீங்க? அந்த ஒப்புமை எனக்குப் பிடிக்கல.

வக்கீல் சார் மாதிரி பேசுறவருக்கு: தீர்ப்புத்தான் சொத்துன்னு சொன்னீங்க, சரி. ஆனா தீர்ப்புல குற்றம்தான் இருக்கும். யார் எந்தப் பிரிவுல எத்தனை வருசம்னு இருக்கும். வீட்டை இடிச்சாங்க, ஆட்டை மாட்டைத் தின்னாங்க, கெணத்தைக் கெடுத்தாங்க, தவச தானியத்தைப் பாழாக்கினாங்க. அதுக்கு முன்னாடி நாள் அந்த ஊர் எப்படி இருந்துச்சு? அது எந்தக் காகிதத்துல இருக்குது? எங்க சின்னம்மா வயசுக்காரங்க ஒவ்வொருத்தரா போய்ட்டிருக்காங்க.

ஆனா இன்னிக்கும் யாராச்சும் கேமரா தூக்கிட்டு வந்து “அன்னைக்கு என்ன நடந்துச்சு சொல்லுங்கம்மா”ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. எத்தனை தடவைதான் சொல்லுவாங்க? கோர்ட்டுக்குச் சொன்னாங்க, சி.பி.ஐ.க்குச் சொன்னாங்க, பத்திரிகைக்குச் சொன்னாங்க. வரையறேன்னு வர்றவரும் அதையேதான் கேப்பாருன்னா, வேண்டாம்.

தகடூரான்

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன். “எங்க மாவட்டத்துக் கதை”ன்னு நான் முதல்ல எழுதினது தப்பு. உங்க ஊர்க் கதை.

ஆனா நீங்க கேட்டதுக்குள்ளதான் சாக்கோ முறையோட சாரம் இருக்குன்னு எனக்குப் படுது. அவர் “என்ன நடந்துச்சு”ங்கிற கேள்வியோட நிறுத்த மாட்டார். சுவர் எவ்வளவு உயரம், கையை எங்க வெச்சிருந்தீங்க, தெருவுல அப்போ கரண்டு கம்பம் உண்டா, இப்படித்தான் கேப்பார். வரையறவனுக்கு அது தெரிஞ்சே ஆகணும். எழுதறவன் “வீடு”ன்னு ஒரு சொல்லுல தாண்டிடலாம். வரையறவன் அந்த வீட்டுக்குக் கூரையா, ஓடான்னு கேக்காம ஒரு கோடு இழுக்க முடியாது.

குறுக்குவிசாரணை சார், லாரி எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு ஒருத்தன் கேப்பான்னு சொன்னீங்க. காஸா புத்தகத்துல சாக்கோ அதுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கார். அண்ணன் தம்பிகள் சுடப்பட்ட ஒரு சம்பவம். அங்க நான் இருந்தேன்னு ஒருத்தர் சொல்வார், அவர் இல்லவே இல்லைன்னு மத்தவங்க சொல்வாங்க. ரெண்டையும் வரைஞ்சு வெச்சுட்டு, எங்க முரண்படுது, எது முரண்படலைன்னு வாசகன் கண் முன்னாடியே பிரிச்சுக் காட்டுவார். ஒளிக்கலை. ஒளிச்சாத்தானே எதிராளிக்கு ஆயுதம்?

குறுக்குவிசாரணை

அது நல்ல பதில். முழுதாக ஏற்கவில்லை, ஆனால் நல்ல பதில். முரண்பாட்டை ஒரு நூலாசிரியர் நேர்மையாகக் காட்டலாம், எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பரப்பும். நான் நீதிமன்றத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்த வேலை அது.

ஒன்றை மட்டும் உங்கள் தரப்புக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன், தீர்ப்பு சொல்வதற்கு முன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போனார். ஆயிரக்கணக்கான பக்கம் ஆவணம் கையில் இருந்தும் ஏரியையும் மலையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போது என் முதல் பதிவின் வேகம் கொஞ்சம் குறைகிறது. 228ஏ விஷயத்தில் குறையவில்லை.

மாயாவி ரசிகன்

சாக்கோவே ஆளோட முகம், பேச்சு எதையும் நம்பாம ஒரு புத்தகம் பண்ணியிருக்காராமே? மையும் நிப்பும் தம்பிதான் போன் பண்ணிச் சொன்னான். 1916 ஜூலை 1, முதல் உலகப்போர்ல சோம் சண்டையோட முதல் நாள். 24 அடி நீளம் மடிச்சு வெச்ச ஒரே படம், வசனமே கெடையாது. இடது பக்கம் தளபதி காலை நடை போறதுல ஆரம்பிச்சு வலது கடைசியில குழி தோண்டிப் புதைக்கிறது வரைக்கும். ஆயிரக்கணக்கான ஆளுங்க, எறும்பு மாதிரி. அப்படி ஊரை மட்டும் வரையலாமே. முகம் தெரியவேண்டியதில்லையே. இப்படிக் காமிக்ஸ் இருக்கும்னு எனக்கு இதுநாள் வரைக்கும் தெரியாதுங்க. முதல்ல எழுதினதுல “அசிங்கம்”ங்கிற சொல்லை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பாரூர் ஏரிக்கரை

மிளகு தங்கச்சி, நடுகல் விஷயத்துல நீ சொன்னது சரி. யோசிக்காம எழுதிட்டேன்.

ஆனா ஊரை மட்டும் வரைஞ்சு விட்டா, அடிச்சவன் முகமும் போயிடுமே? 215 பேரும் மறைய வேண்டியவங்க கெடையாது. சீருடையை வரையணும், தடியை வரையணும். அரூர் வனத்துறை அலுவலகத்துக்கு இவங்களை இழுத்துட்டுப் போனதையும், அங்கிருந்து சேலம் ஜெயிலுக்குப் போனதையும் வரையணும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மையும் நிப்பும்

ரெண்டையும் சேர்த்து ஒரு பக்கம் முயற்சி பண்ணினேன். நிப் பேனா, இந்தியன் இங்க். ஆலமரம், பின்னால மலை, முன்னாடி தெரு. ஆள் யாரும் இல்லை, பூட்ஸ் கால்கள் மட்டும் பக்கத்தோட மேல் விளிம்புல இருந்து உள்ள வருது. விழுதுக்குக் குறுக்குக்கோடு போட்டுப் போட்டு மூணு ராத்திரி போச்சு. மலையை மட்டும் போன வாரம் அரூர் ரோட்ல நின்னு பார்த்து வரைஞ்சேன். அதனால மலை மட்டும்தான் சரியா இருக்கும். சித்தேரி மிளகு அக்காவுக்குத் தனிச் செய்தியில அனுப்பியிருக்கேன். அவங்க சரின்னு சொல்லாம இங்க போட மாட்டேன்.

சித்தேரி மிளகு

பார்த்தேன் தம்பி. மலை சரியா இருக்குது. மேற்கால இறங்குற சரிவு அப்படியேதான்.

வீடுங்க எனக்குப் புரியல. கூரை எதால வேஞ்சது மாதிரி போட்டிருக்க? வாசல் எந்தப் பக்கம்? இதெல்லாம் யார்கிட்ட கேட்ட?

மையும் நிப்பும்

யார்கிட்டயும் கேக்கலக்கா. எங்க பாட்டி வீட்டை நினைச்சு வரைஞ்சுட்டேன்.

சித்தேரி மிளகு

அப்ப அதை வெச்சுக்க, யாருக்கும் காட்டாத. ஞாயித்துக்கிழமை சின்னம்மா வீட்ல இருப்பாங்க. அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. வீடு எப்படிக் கட்டுவாங்க, தவசம் எங்க வெப்பாங்க, இதை மட்டும் கேளு. அவங்களா பேசினா பேசட்டும். காலையில பஸ் ஏறும்போது சொல்லு, நான் அரூர்ல நிக்கிறேன்.