தோட்டத்து லயத்துக்கு ஃபைபர்: மண்டபம் வரை இழுப்பது சரிவருமா?

சிப்புட்_டியூஷன்

வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம். மெயின் ரோட்டுக் கம்பத்தில் ஃபைபர் (கண்ணாடி இழை இணையம்) பெட்டி வந்துவிட்டது. கோயில் அலுவலகம் அங்கிருந்து 140 மீட்டர். பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும் மண்டபம் அலுவலகத்திலிருந்து இன்னும் 180 மீட்டர். இப்போது சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடியோ வகுப்பு திக்கித் திக்கி வருகிறது. ஃபைபருக்கு மாறினால் என்ன லாபம், என்ன தொல்லை? மண்டபத்துக்கு லேன் கேபிளே இழுக்கலாமா? இடி, அணில், பழ லாரி எல்லாம் உள்ள இடம். அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

இழை_ஜாயிண்டர்

அக்கா, 4ஜி டவர் ஒன்றை லயத்து வீடுகளும் பெக்கான் டவுனும் ரோட்டில் போகிற காடிகளும் பங்கு போடுகின்றன. ஏழு மணிக்குத் திக்குவது அதனால்தான். ஃபைபரிலும் பங்கு உண்டு, ஆனால் ஓர் இழைக்குப் பெரும்பாலும் 32 வீடு வரைதான். பல வீட்டுக்கு ஓர் இழையைப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் அந்த இழை வினாடிக்கு 2.5 கிகாபிட் இறக்கும், 1.25 கிகாபிட் ஏற்றும். வகுப்பு எடுக்கிறவருக்கு ஏற்றும் வேகம்தான் உயிர்நாடி.

தூரம் கவலையே இல்லை. கணக்கைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் (டெலிபோன் நிலையம்) கருவி அனுப்பும் ஒளி +3 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு, எண் குறையக் குறைய ஒளி மங்கல்) என்று வையுங்கள். 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் 17.5 டெசிபல் (ஒளி இழப்பின் அளவு) போகும். ஆறு கிலோமீட்டர் இழைக்கு, கிலோமீட்டருக்கு 0.35 வீதம், 2.1. நாலு கனெக்டருக்கு 1.2, இழையை உருக்கி ஒட்டிய ஆறு இணைப்புக்கு 0.6. மொத்தம் 21.4. மோடத்துக்கு வந்து சேர்வது -18.4. சாதாரண மோடம் -27 வரை தாங்கும். எட்டு டெசிபலுக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. அந்தக் கையிருப்பைத் தின்பதெல்லாம் கடைசி நூறு மீட்டரில் நடக்கும் தப்புகள்தான்.

ஈப்போ_லைன்

அந்தத் தப்புகளைச் சொல்கிறேன். முதலில் தூசி. கனெக்டர் நுனியில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. விரல் பட்ட எண்ணெயே அதை மறைக்கப் போதும். கழற்றினால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கிளீனர் பேனாவால் ஒரு கிளிக். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், அது போகாது. பச்சைக் கனெக்டரின் முனை எட்டு டிகிரி சாய்வு, நீலம் நேர்முனை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் கண்ணாடியும் கண்ணாடியும் தொடாது. ஒளி பாதி வழியில் சிதறிவிடும்.

அடுத்து மடிப்பு. வீட்டுக்குள் வளைக்க ஜி.657 ஏ2 இழை கேளுங்கள், 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். பழைய ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கினால் எந்த இழையும் போச்சு. ஆணியடித்து இறுக்குவதும் அப்படித்தான்.

வெளியில் உங்களுக்கு மூன்று எதிரிகள்: விழும் மட்டை, அணில், பழ லாரி. ரோட்டைக் கடக்கும் இடத்தில் கேபிள் ஐந்தரை மீட்டருக்குக் கீழே தொங்கக்கூடாது. கம்பத்துக்குக் கம்பம் 50 மீட்டருக்குள் வையுங்கள், இரண்டு முனையிலும் பத்து மீட்டர் சுருள் விட்டு வையுங்கள். அறுந்தால் இழுத்து ஒட்ட அது உதவும். செம்பை முறுக்கி டேப் சுற்றுவது போல இதை ஒட்ட முடியாது, உருக்கும் மிஷினும் ஆளும் வர வேண்டும். ஃபைபரின் பெரிய குறை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். செம்புக்கம்பி என்று நினைத்துத் திருடர்கள் வெட்டுவதும் உண்டு.

கேபிள் போகும் நிலம் தோட்டத்துடையது. ஆள் வருவதற்கு முன்பே மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இழை_ஜாயிண்டர்

மண்டபத்துக்கு லேன் கேபிள் வேண்டாம். கேட் 6-க்கு எல்லை 100 மீட்டர். அதைவிட முக்கியம், இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு ஓடினால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு பக்கக் கருவியும் கருகும். அங்கேயும் ஃபைபர்தான். 200 மீட்டர் டிராப் கேபிள் (கட்டடத்துக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்), இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை லேன் சிக்னலாகவும், லேனை ஒளியாகவும் மாற்றும் பெட்டி). ஒற்றை இழை வகையில் ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550-இல். ஜோடியாக வாங்குங்கள், இரண்டும் ஒரே ரகமாக வந்தால் இணைப்பு விளக்கே எரியாது.

கேபிளின் தாங்கு கம்பி எஃகா, நார்க்கண்ணாடியா என்று கேளுங்கள். எஃகு மின்னலை ஏற்கும். எஃகுதான் கிடைத்தால் கட்டடத்துக்கு வெளியிலேயே அதை வெட்டி நிறுத்தி, எர்த் செய்து, இழையை மட்டும் உள்ளே விட வேண்டும்.

சிப்புட்_டியூஷன்

ரொம்ப நன்றி. கரண்ட் போனால்? இங்கே மழை என்றால் கரண்ட் போவது சகஜம். சிவப்பு விளக்கு எரிந்தால் நாமே என்ன பார்க்கலாம்?

பழைய_எக்ஸ்சேஞ்ச்

செம்பு போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது, இருட்டிலும் மணி அடிக்கும். கண்ணாடி மின்சாரம் கடத்தாது, அதனால் கரண்ட் போனால் ஃபைபர் போனும் ஊமை. மோடம், ரௌட்டர் இரண்டும் சேர்ந்து சுமார் 15 வாட் என்றால் 60 வாட்-மணி மினி யூபிஎஸ் மூன்று மணி நேரம் தள்ளும். அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். மண்டபத்து கன்வெர்ட்டருக்கும் ஒன்று வேண்டும். மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ஒளி வழியாக இடி வராது, டிஎன்பி (மின்சாரக் கம்பெனி) லைன் வழியாக வரும்.

ஈப்போ_லைன்

சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு என்றால் ஒளி வரவில்லை. பச்சைக் கனெக்டர் 'டிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா, கேபிள் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். பிஓஎன் விளக்கு (ஃபைபர் இணைப்பைக் காட்டுவது) மட்டும் சிமிட்டினால் ஒளி வருகிறது, ஆனால் மோடம் இன்னும் எக்ஸ்சேஞ்சில் பதிவாகவில்லை. ஒளி மங்கலாக இருந்தாலும் அப்படி ஆகும். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஒளி அளவு காட்டும். போட்ட அன்றே எழுதி வையுங்கள். அன்று -19, இன்று -25 என்றால் எங்கோ தூசியோ மடிப்போ சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். கழற்றிய நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்து தரையில் கிடக்கும் இழைத் துண்டுகளைப் பிள்ளைகள் மிதிக்கும் முன் டேப்பில் ஒட்டி எடுத்து, மூடியுள்ள போத்தலில் போடச் சொல்லுங்கள்.