கல்லூரி டென்னிஸில் ஆண்களுக்கு 4.5, பெண்களுக்கு 8: இந்த உதவித்தொகை உச்சவரம்பு நியாயமானதா?

நெட்டிலிங்கம்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். என் மூத்த மகள் சில ஆண்டுகளுக்கு முன் டென்னிஸ் மூலம் முழு உதவித்தொகை பெற்று கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் ஆடும் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது பதினோராம் வகுப்பு படிக்கும் மகன், அந்த வயதில் அவள் இருந்ததைவிடத் தரவரிசையில் மேலே இருக்கிறான். ஆனாலும் அவனிடம் பேசிய பயிற்சியாளர்கள் கால் பங்கு, முப்பது விழுக்காடு என்ற அளவைத் தாண்டவில்லை. விசாரித்தபோது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி ஆண்கள் டென்னிஸ் அணிக்கு 4.5 உதவித்தொகையும் பெண்கள் அணிக்கு 8 உதவித்தொகையும்தான் நெடுங்காலமாக உச்சவரம்பாக இருந்தன என்று தெரியவந்தது. இரு அணிகளும் ஆடுவது அதே ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டங்களைத்தான். பெண்களுக்குரியதைக் குறைக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. மகளுக்குக் கிடைத்த உதவியால் எங்கள் குடும்பத்தின் பெரிய சுமை இறங்கியது. இந்த எண்களை எந்த அடிப்படையில் வகுத்தார்கள்? 2025-இல் விதியே மாறிவிட்டது என்கிறார்களே, அதனால் என் மகனுக்குப் பயன் உண்டா?

வைகைக்கரை:
வணக்கம் ஐயா. டென்னிஸை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியாது. அமெரிக்கக் கால்பந்திலிருந்து தொடங்க வேண்டும். உயர்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு 85 முழு உதவித்தொகைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. அதே விளையாட்டின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-லில் ஓர் அணியின் வழக்கமான பட்டியலே 53 பேர்தான். ஆண்களுக்கான 85 இடங்களை ஒரே விளையாட்டு எடுத்துக்கொள்ள, பெண்களிடம் அதற்கு ஈடான எண்ணிக்கை கொண்ட விளையாட்டே இல்லை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின்படி, விளையாடும் ஆண், பெண் எண்ணிக்கைக்கு ஏற்பவே உதவித்தொகையும் பிரிய வேண்டும். ஆகவே பெண்கள் துடுப்புப் படகுக்கு 20, கைப்பந்துக்கு 12, டென்னிஸுக்கு 8 என்று வரம்பை உயர்த்தி வைத்தார்கள்; ஆண்கள் கைப்பந்துக்கும் டென்னிஸுக்கும் தலா 4.5 தான் மிஞ்சியது. உங்கள் மகனின் பங்கு அவனுடைய அக்காவிடம் போகவில்லை, கால்பந்து அணியின் மூன்றாம் வரிசை ஆட்டக்காரர்களிடம் போயிற்று. இதைப் பெண்களின் மேல் பழியாகப் போடுபவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தாமிரபரணி:
இன்னொரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயர்நிலைக் கால்பந்து, கூடைப்பந்து, பெண்கள் டென்னிஸ், பெண்கள் கைப்பந்து, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றில் 2025 வரை தலைக்கு ஒன்று என்பதே கணக்காக இருந்தது. ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்தாலும் ஓர் இடம் முழுமையாகக் கழிந்துவிடும் என்பதால், பயிற்சியாளர்கள் முழுத்தொகையாகவே கொடுத்துவிட்டார்கள். மற்ற விளையாட்டுகளில் மொத்தத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க முடிந்தது. 4.5 இடங்களை எட்டுப் பேருக்கு ஒன்று, 0.8, 0.7, 0.6, 0.5, 0.4, 0.3, 0.2 என்று பிரித்துப் பாருங்கள், கணக்கு சரியாக முடிந்துவிடும். அந்த ஏழாம் எட்டாம் இடங்களுக்குத்தான் உங்கள் மகனிடம் பேசியிருக்கிறார்கள்.

பேஸ்பாலில் நிலைமை இதைவிடக் கடினம். 11.7 உதவித்தொகைகளை 27 பேர் வரை பகிரலாம், ஒருவருக்குக் குறைந்தது கால் பங்காவது தர வேண்டும் என்பது பல ஆண்டுகள் விதியாக இருந்தது. 27 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்குப் பாதிகூடத் தேறாது. மீதியைப் பெற்றோர்தான் கட்ட வேண்டும், அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அந்த ஆட்டத்தில் நிலைத்தார்கள். இந்தத் தசமங்கள் எங்கிருந்து வந்தன என்று பலர் வியக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் செலவைக் குறைப்பதற்காகப் பத்து விழுக்காடு வெட்டினார்கள். 13 என்பது 11.7 ஆகவும், 11 என்பது 9.9 ஆகவும், 5 என்பது 4.5 ஆகவும் குறைந்தன. ஒரு மாணவனின் கல்விச் செலவைத் தீர்மானிக்கும் எண், வெட்டிய கணக்கின் மிச்சமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொன்னி:
கால்பந்தை இவ்வளவு கடுமையாகச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பெரிய கல்லூரிகளில் டென்னிஸ் மைதானத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் பணம் தருவது கால்பந்து வருமானம்தான். உச்சவரம்பு வந்த காரணத்தையும் மறக்கக் கூடாது. 1973-இல்தான் கால்பந்து உதவித்தொகைக்கு முதன்முதலாக 105 என்று வரம்பு கட்டினார்கள். அதற்கு முன் பணக்காரக் கல்லூரிகள் எதிரணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வீரர்களைச் சேர்த்து ஓரத்தில் உட்கார வைத்தன. பின்னர் 95, அதன் பின் 85 என்று குறைத்ததால்தான் சிறிய கல்லூரிகளும் எழுந்து நிற்க முடிந்தது. வரம்பு என்பதே அநீதி என்று சொல்லிவிட முடியாது, எண்களின் விகிதத்தில்தான் பிழை இருக்கிறது.

முல்லைநிலம்:
2025 மாற்றம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை உச்சவரம்பு இப்போது இல்லை. அதற்குப் பதிலாக அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: கால்பந்துக்கு 105, பேஸ்பாலுக்கு 34, டென்னிஸுக்கு ஆண், பெண் இருபாலருக்கும் தலா 10. அந்தப் பத்துப் பேருக்கும் முழு உதவித்தொகை தர விதி இடங்கொடுக்கிறது. ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்குமில்லை.

அதே சமரசம், கல்லூரிகள் வீரர்களோடு வருவாயைப் பகிர 2025-26 ஆண்டுக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரம்பு வைத்தது. பழைய உச்சவரம்பைத் தாண்டிப் புதிதாகத் தரும் உதவித்தொகைகள் 25 லட்சம் டாலர் வரை அந்தத் தொகைக்குள்ளேயே கழிக்கப்படும். டென்னிஸுக்கு ஓர் உதவித்தொகை கூட்டினால் கால்பந்துக்குக் கொடுக்கும் பணத்தில் குறையும் என்ற நிலையில், எத்தனை கல்லூரி நிர்வாகங்கள் டென்னிஸைத் தேர்ந்தெடுக்கும்? மேலும், உதவித்தொகை இல்லாமல் முயற்சியால் அணியில் இடம்பிடித்த பிள்ளைகள் பலர் பட்டியல் வரம்பால் வெளியேற நேர்ந்தது. நீதிபதி அதைச் சுட்டிக்காட்டிய பிறகே, அப்படி இடமிழந்தவர்களை வரம்பில் சேர்க்காமல் விலக்கு அளித்தார்கள். இனி வரும் பிள்ளைகளுக்கு அந்த விலக்கும் கிடையாது.

நெட்டிலிங்கம்:
அனைவருக்கும் மிக்க நன்றி. காரணம் தெளிவாகிவிட்டது. அப்படியானால் பயிற்சியாளரிடம் நான் என்ன கேட்பது?

முல்லைநிலம்:
மூன்றைக் கேளுங்கள், ஐயா. உங்கள் கல்லூரி ஹவுஸ் சமரசத்தில் இணைந்திருக்கிறதா? ஆண்கள் டென்னிஸுக்கு இந்த ஆண்டு உண்மையில் பணம் ஒதுக்கப்பட்ட உதவித்தொகைகள் எத்தனை? முதலாண்டில் தரும் பங்கு நான்கு ஆண்டுகளுக்கும் எழுத்தில் உறுதி செய்யப்படுமா? இரண்டாம் கேள்விக்கு நேரடியாக எண்ணைச் சொல்லாத பயிற்சியாளரை நம்பி வேறு வாய்ப்பைக் கைவிட வேண்டாம். படிப்பில் நல்ல மதிப்பெண் இருந்தால் கல்வி உதவித்தொகைக்கும் தனியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முப்பது விழுக்காட்டோடு அதுவும் சேர்ந்தால் மகனுக்கும் ஏறத்தாழ மகளுக்குக் கிடைத்த அளவு வந்துவிடக்கூடும்.