மகளிர் தின ரோஜாவைத் தவிர உங்க ஆபீஸ்ல நிஜமா என்ன மாறுச்சு? அனுபவம் சொல்லுங்க

துரைப்பாக்கம் டிராஃபிக்

எங்க கம்பெனி தலைமை ஆபீஸ் அமெரிக்காவுல. 2025 ஜனவரியில டிரம்ப் பதவிக்கு வந்து உத்தரவு போட்டதுல இருந்து அங்க டைவர்சிட்டி வேலையை (எல்லாத் தரப்பு ஆளுங்களுக்கும் வேலையில இடம் குடுக்குற திட்டங்கள்) எல்லாம் சுருட்ட ஆரம்பிச்சாங்க, ஃபேஸ்புக்கோட மெட்டா அதுக்கு சில நாள் முன்னாடியே கலைச்சிடுச்சு, வால்மார்ட் 2024 நவம்பர்லயே பின்வாங்கிடுச்சு. அந்தக் காத்து எங்க சென்னை ஆபீசுக்கும் அடிச்சுது. லிஃப்ட் பக்கத்துல இருந்த கலர் போஸ்டர் ஒரு திங்கக்கிழமை காணோம், டைவர்சிட்டின்னு இருந்த மெயில் ஐடி 'கல்ச்சர்'னு மாறிடுச்சு. வேடிக்கை என்னன்னா யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. அப்போ இத்தனை வருஷம் அந்த டீம் என்னதான் பண்ணிட்டு இருந்துச்சு?

ஆனா ஒண்ணு மட்டும் நிக்குது. எங்க மேனேஜர் ஒருத்தர், எந்தக் கமிட்டியிலயும் இல்லாதவர், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல நடக்குற கால்ல எந்த முடிவும் எடுக்கக்கூடாதுன்னு ஒரு பழக்கம் கொண்டு வந்தாரு. அமெரிக்கா டைமுக்காக பேச வேண்டியிருந்தா பேசலாம், ஆனா மறுநாள் காலைல அதை எழுதிப் போட்டு எல்லாரும் பாத்த அப்புறம்தான் ஃபைனல். இந்தப் பழக்கம் வர்றதுக்கு முன்னாடி க்ரெஷ்ல இருந்து குழந்தையை கூப்பிட ஓடுறவங்க, கடைசி ஷட்டில் பிடிக்கிறவங்க எல்லாம் அடுத்த நாள் வந்து "ஓ, அது முடிவாயிடுச்சா"ன்னு கேட்டுட்டு நிப்பாங்க. போஸ்டர் போயிடுச்சு, இது போகல.

உங்க இடத்துல இந்த மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க. ஹெச்ஆர் பிரசன்டேஷன்ல வர்ற டயலாக் மட்டும் வேணாம்.

காதால் படிப்பவன்

எனக்குப் பார்வை கிடையாது. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தாலே எனக்கு வயித்தக் கலக்கும், மேடை ஏத்தி சால்வை போட்டு "இவரைப் பாத்து நாமெல்லாம் கத்துக்கணும்"னு ஒருத்தர் பேசுவாரு. ஒரு தடவை அந்த ஃபோட்டோவை இன்ட்ராநெட்ல போட்டாங்க, படத்துக்கு ஒரு விளக்கம் கூட எழுதல, ஸ்க்ரீன் ரீடர்னு திரையில இருக்குறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் என் ஃபோட்டோவை எனக்கே 'இமேஜ்'னு மட்டும் படிச்சுச்சு.

லீவு போர்ட்டல் புதுசா வந்துச்சு. பட்டனுக்கெல்லாம் பேரே வைக்கல, தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்"னுதான் சொல்லுது, இதுல எது லீவு எது ராஜினாமான்னு யாருக்குத் தெரியும்? பேஸ்லிப் ஸ்கேன் பண்ண படமா வரும், என் சம்பளத்தை பக்கத்து சீட் தம்பி வாசிச்சுச் சொல்லணும். 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டப்படி கம்பெனிங்க சம வாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிடணும். எங்க கம்பெனியும் எழுதி வெச்சிருக்கு. அதுவும் ஸ்கேன் பிடிஎஃப்.

அப்புறம் புதுசா ஒரு லீடு மேடம் வந்தாங்க. முதல் நாளே "உங்களுக்கு எதுல எல்லாம் நேரம் வீணாப் போகுது"ன்னு கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணையும் பக் டிக்கெட்டா, அதாவது ஐடி டீம் சரி பண்ண வேண்டிய கோளாறுன்னு, பதிவு போட்டாங்க, பிரையாரிட்டி ஹை. ஐடி டீம் "ஒருத்தருக்காக வென்டர்கிட்ட சொல்ல முடியாது"ன்னு இழுத்தப்போ, டிக்கெட் மூடுற வரைக்கும் அந்த வென்டர் பில்லுல கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. பட்டனுக்குப் பேரு வந்துடுச்சு. மீட்டிங் ஸ்லைடு முந்தின நாளே எனக்கு வந்துடும், பேசுறவங்க "இங்க பாருங்க, இந்த சிவப்பு கோடு"ன்னு கை காட்டாம அந்தக் கோடு என்ன சொல்லுதுன்னு வாயால சொல்லணும். மலேசியால இருந்து ஃபோன்ல சேர்ற டீம் ஆளுங்க எனக்கு நன்றி சொன்னாங்க, அவங்களுக்கும் அந்த சிவப்பு கோடு இத்தனை நாளா தெரியாதாம்.

அப்ரைசல்ல அவங்க என்னை 'இன்ஸ்பிரேஷன்'னு எழுதல. கஸ்டமர் கால்ல இன்னும் சுருக்கமா பேசணும்னு எழுதியிருந்தாங்க. எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா.

மூணாவது மாடி சுடிதார் செக்‌ஷன்

ஆபீஸ் கதையா போகுது, கடைக் கதையும் சொல்றேன். 2021ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு (கேரளாவுல 2018லயே வந்துடுச்சு). நான் முன்னாடி இருந்த கடையிலயும் ஸ்டூல் போட்டாங்க. போட்ட ஸ்டூல் மேல துணி பண்டல அடுக்கி வெச்சிடுவாங்க. கஸ்டமர் இல்லாதப்ப எடுத்து வெச்சிட்டு உக்காந்தா சூப்பர்வைசர் அண்ணன் வந்து "என்னம்மா, கால் வலிக்குதா"ன்னு கேப்பாரு, அந்தக் குரலுக்கே எழுந்திருச்சிடுவோம். இப்ப இருக்குற கடையில ஃப்ளோர் மேனேஜர் அக்கா எங்களை மாதிரி நின்னு நின்னு மேல வந்தவங்க. அவங்க வந்ததும் மொதல்ல அவங்களே ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அப்புறம்தான் நாங்களும் உக்காந்தோம்.

மெரிட் மட்டும்

கொஞ்சம் ஓவரா போகுது இங்க. திறமை இருந்தா யாரும் யாரையும் தடுக்க முடியாது. பன்னெண்டு வருஷமா ஐடில இருக்கேன், ஒருத்தர் கூட என் ஜாதி கேட்டதில்ல.

பெரம்பூர் லோக்கல்

@மெரிட் மட்டும், சார் உங்ககிட்ட கேக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. எங்ககிட்ட நேரா கேக்க மாட்டாங்க. "நேட்டிவ் எது?" ஊர் பேரு சொன்னா "அங்க எந்தப் பக்கம்?" அப்புறம் "அப்பா என்ன பண்றாரு?" கடைசியா லஞ்ச்ல "நீங்க நான்வெஜ்ஜா?" அதோட கணக்கு முடிஞ்சிடும், அடுத்த வாரத்துல இருந்து டீ குடிக்க கூப்பிடுறது நிக்கும், டீ குடிக்கிற இடத்துலதான் எந்த ப்ராஜெக்ட் வருதுன்னே பேசுவாங்க.

இது கடல் தாண்டியும் போயிருக்கு. சிஸ்கோன்னு அமெரிக்க டெக் கம்பெனியில ஒரு தலித் இன்ஜினியர் புகார் பேர்ல கலிஃபோர்னியா அரசுத் துறையே 2020ல வழக்கு போட்டுச்சு, 2023ல ரெண்டு மேனேஜர்ங்க மேல இருந்ததை மட்டும் வாபஸ் வாங்கிட்டு கம்பெனி மேல தொடர்ந்து நடத்துச்சு. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில ஜாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டுச்சு, கலிஃபோர்னியாவுல மசோதா பாஸ் ஆகியும் அதே வருஷம் அக்டோபர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போடாம திருப்பி அனுப்பிட்டாரு. இவ்ளோ நடந்திருக்கு, ஆனா எங்க கம்பெனி ட்ரெயினிங் வீடியோவுல கறுப்பர் வெள்ளையர் கதைதான் ஓடுது, சோழிங்கநல்லூர்ல உக்காந்து அதைப் பாத்து க்விஸ் எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்குறோம், ஜாதின்னு ஒரு வார்த்தை கிடையாது.

நல்லதும் ஒண்ணு சொல்லணும்ல. பக்கத்து டீம்ல ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம்ல பேரு, ஊரு, காலேஜ் மூணையும் மறைச்சிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், ஒரே கேள்வி, மார்க்கை எழுதிக் குடுத்த அப்புறம்தான் பேனல்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசலாம். ரெஃபரல்ல தம்பி மச்சான்னு கொண்டு வந்துட்டு இருந்தவங்க நல்லா முணுமுணுத்தாங்க. இந்தப் புது முறையில வந்தவங்கள்ல ரெண்டு பேரு கிராமத்துப் பக்கம் அரசு காலேஜ்ல படிச்சவங்க, பழைய வழியில அவங்க ரெஸ்யூம் எங்க பில்டிங் வரைக்கும் கூட வந்திருக்காது. மெரிட் வேணும்னா இதைத்தான் சார் நீங்க முதல்ல கேக்கணும்.

ரிட்டயர்டு ஹெச்ஆர்

ஹெச்ஆர் டயலாக் வேணாம்னு சொன்னதால பயந்துகிட்டே எழுதுறேன் 🙂

ஜூன் மாசம், ப்ரைட் மாசம்னு (திருநங்கை, ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்களுக்காக) கம்பெனி லோகோ வானவில் கலராகும், தெரியும்ல. அந்த சமயத்துல ஒரு திருநங்கை வேலைக்குச் சேந்தாங்க, கேக் எல்லாம் வெட்டினோம். ஐடி கார்டுல சரியான பேரு. ஆனா சம்பள சாஃப்ட்வேர், மெயில், கேப் புக்கிங் ஆப் எல்லாத்துலயும் பழைய பேரு. ராத்திரி ட்ரிப் ஷீட்டைப் பாத்து டிரைவர் அந்தப் பேரை சத்தமா கூப்பிடுவாரு, கேட்ல நிக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்க. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு வென்டர், ஆளாளுக்கு கையைக் காட்டினாங்க. கடைசியில டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல இருந்த ஒரு பையன் ட்ரிப் ஷீட்ல யாருக்குமே பேரு வராம நம்பர் மட்டும் வர்ற மாதிரி மாத்திட்டான். மத்த பொண்ணுங்களும் டிரைவருக்கு நம்ம பேரு தெரியாம இருக்கறது நிம்மதின்னாங்க.

அடுத்தது வீடு. கொச்சி மெட்ரோ 2017ல திருநங்கைகளை வேலைக்கு எடுத்தப்ப நாடே கை தட்டுச்சு, கொஞ்ச நாள்லயே சிலர் வேலையை விட்டுட்டாங்க, யாரும் வீடு தரல, லாட்ஜ் வாடகை குடுத்தா சம்பளம் மிஞ்சல. எங்க பொண்ணுக்கும் அதேதான். கம்பெனி பேர்ல அக்ரிமென்ட் போட்டு, அட்வான்ஸ் கம்பெனி கட்டின அப்புறம்தான் வேளச்சேரியில ஒரு வீடு கிடைச்சுது. அதுக்கு ஃபைனான்ஸ்காரங்களோட நான் போட்ட சண்டை தனிக் கதை. கேக்குக்கு அவங்க ஒரு கேள்வியும் கேக்கல.

நூல் மில்லு தெரு

எங்க திண்டுக்கல் பக்கத்தையும் சேத்துக்கோங்க. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில வேலை பாத்த ஒரு தலித் பொண்ணு 2021ல கொலை செய்யப்பட்ட அப்புறம் பெண்கள் நடத்துற டிடிசியூ சங்கம் போராடி 2022ல திண்டுக்கல் ஒப்பந்தம் வந்துச்சு. ஹெச் அண்ட் எம் மாதிரி வெளிநாட்டு பிராண்டுங்களும் கையெழுத்து போட்டிருக்காங்க. லைன்ல வேலை பாக்குற பொண்ணுங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து, சூப்பர்வைசர் அசிங்கமா பேசினா, ஜாதி சொல்லித் திட்டினா அங்கயே புகார் எடுக்குற ஏற்பாடு. ஃபேக்டரி ஒப்பந்தத்தை மீறினா பிராண்டோட ஆர்டர் அடி வாங்கும். ஆர்டர் போயிடும்னா எப்பேர்ப்பட்ட மேனேஜரும் 'வாங்க போங்க'ன்னுதான் பேசுவாரு.

அம்பத்தூர் சின்ன கம்பெனி

எல்லாம் பெரிய இடத்துக் கதை. நாங்க மொத்தமே 14 பேரு, ஹெச்ஆரே கிடையாது, ஓனர்தான் எல்லாம். நாங்க என்ன பண்றது?

ரிட்டயர்டு ஹெச்ஆர்

10 பேரு இல்ல அதுக்கு மேல இருந்தாலே 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் புகார் குழு வேணும்ங்க. ஒரு சீனியர் பெண்தான் தலைமை, குழுவுல பாதிப் பேராவது பெண்கள், கம்பெனிக்கு வெளியில இருந்து ஒருத்தர். அந்த வெளியாளை மட்டும் ஓனரோட ஃப்ரெண்ட் மனைவியா போட்டுடாதீங்க, நான் நிறைய பாத்துட்டேன்.

காதால் படிப்பவன்

@அம்பத்தூர், உங்களுக்கு வெப்சைட் இருக்கா? என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர், விண்டோஸ்ல ஓடும், காசு கிடையாது. அதைப் போட்டுக்கிட்டு, மவுஸைத் தொடாம டேப், என்டர்னு கீபோர்டை மட்டும் தட்டி உங்க சைட்ல ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. மாட்டிக்கிட்ட இடத்தை இங்க எழுதுங்க, எப்படி சரி பண்றதுன்னு சொல்றேன்.