கூந்தன்குளத்தில் ஒரு 'ஏட்டி'

எங்கள் திருநங்கைகள் ஜமாத்தில் வெளியூர் என்றால் சித்திரையில் கூவாகம், அவ்வளவுதான். சும்மா வேடிக்கை பார்க்க என்று நான் எங்கும் போனதில்லை. கடைத்தெருவில் நடந்தாலே பத்துப் பேர் என்னைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

என் தையல் கடைக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி, "வாங்கக்கா, பறவை எண்ணப் போவோம்" என்று போன ஜனவரியில் கூப்பிட்டாள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றாள். சரி என்றேன். எங்கள் குழுவுக்கு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம்.

பைனாகுலரில் முதலில் ஒரே கலங்கல். நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பச் சொன்னாள். திருப்பியதும் ஒரு வரித்தலை வாத்து பளிச்சென்று வந்து நின்றது. வெள்ளைத் தலை, பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, மை தீட்டினது மாதிரி. இமயமலையைத் தாண்டி வருகிறதாம்! பத்துப் பத்தாக எண்ணினேன். அறுபதில் கூட்டம் எழும்பிவிட்டது, திரும்பவும் முதலிலிருந்து. அந்த இரண்டு மணி நேரமும் என்னை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அப்புறம் ஊருக்குள் போனோம். வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டியிருந்தன. இவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. "பிள்ளைப்பேறுக்கு வந்த பிள்ளைய மாதிரில்லா இதுக" என்றார் திண்ணையில் இருந்த ஆச்சி. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏட்டி, வெயில்ல என்னத்துக்கு நிக்க? இங்கன வா."

வெளியூர்க்காரர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படலாம். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். என் அப்பா கடைசிவரை என்னை, ஆம்பளப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார். நான் போய் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் தந்துவிட்டு, "எத்தன எண்ணுன?" என்று கேட்டார்.

*

அக்கா, நீங்கள் கூந்தன்குளம் பற்றி எழுதியதைப் படித்தேன். உங்களை மாதிரி நானும் திருநங்கைதான். உங்களுக்குக் கூந்தன்குளம் மாதிரி எனக்குக் குற்றாலம். சாரல் சீசனில் மூன்று வருடம் போயும் குளிக்காமல் திரும்பியவள் நான். ஆண்கள் பக்கம் போக மனசில்லை, பெண்கள் பக்கம் போகத் தைரியமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், சாரல் மட்டும் முகத்தில் அடிக்கும். நாலாவது வருடம், தலை நிறைய எண்ணெயோடு வந்த ஓர் அம்மா, "சேலைய நல்லா இறுக்கிச் செருகிக்கோ, தண்ணி இழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப்போனார். யார், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஜனவரிக்கு நானும் வருகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?