பாஸ்போர்ட் பிரிட்டிஷ், ஃபீஸ் ஓவர்சீஸ்: திரும்பி வந்து படிக்கும் பிள்ளைகளின் லோன் கேஸ்கள்

நெய்தல்
துபாயிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய குடும்பம். பையன் லண்டனில் ஹாரோவில் பிறந்தவன், பல்கலைக்கழகச் சேர்க்கை 2025 செப்டம்பர். மூன்று வருஷ விதி எல்லாருக்கும் தெரியும்: படிப்பு தொடங்குமுன் மூன்று வருஷம் பிரிட்டனில் வாழ்ந்திருந்தால்தான் உள்நாட்டு ஃபீஸும் அரசு லோனும். அப்பாவோ அம்மாவோ தற்காலிக வேலைக்காக வெளியே போயிருந்தால் அந்தக் காலமும் இங்கே இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும். அதை நம்பித்தான் லோனுக்கு விண்ணப்பம் போட்டார்கள். கவிழ்த்தது அப்பாவின் வேலை ஒப்பந்தம். முதல் பக்கத்திலேயே, ஒப்பந்த வகை என்ற கட்டத்தில், "காலவரையற்றது". 2022இல் அங்கே புதுத் தொழிலாளர் சட்டம் வரும்வரை பலருக்கும் அந்தப் படிவம்தான். ஆனால் இங்கே ஃபைலைப் பிரிக்கிறவர் கண்ணுக்கு அது ஆள் நிரந்தரமாகப் போய்விட்டார் என்றுதான் தெரியும். கூட வைத்த கம்பெனிக் கடிதமோ "இவர் எங்களிடம் பணிபுரிந்தார்" என்று இரண்டே வரி.

ஹாரோ வீட்டை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டிருந்தார்கள். அப்பீலுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

மழைக்கோட்டு
போதாது நெய்தல் அண்ணா. வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) குடியிருக்கிறவர் பெயரில் வரும். அதைக் காட்டினால் "அப்போ நீங்கள் அங்கே வாழவில்லை" என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. 1982இல், மாணவர் உதவித்தொகை பற்றிய ஷா வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பார்த்தது சொத்தை இல்லை. ஒருவர் தன் விருப்பத்தோடு, ஒரு நிலையான நோக்கத்தோடு எங்கே வாழ்கிறார் என்பதைத்தான். வேலை தற்காலிகம் என்று நிரூபித்தால்தான் வழி.

இன்னொரு கேஸ். சிங்கப்பூரிலிருந்து அம்மாவும் பெண்ணும் நிரந்தரமாகத் திரும்பினார்கள். வகுப்பு 2025 செப்டம்பர் 22இல். மூன்று வருஷம் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்புக்குக் கணக்கு நாள், அதாவது கல்வி ஆண்டின் முதல் நாளாக எடுத்துக்கொள்வது, செப்டம்பர் 1. விமான டிக்கெட்டில் இருந்தது 2022 செப்டம்பர் 6. ஐந்து நாள் குறைவு! படிக்கும்போதே மூன்று வருஷம் நிறைந்தாலும் பயன் இல்லை, முதல் நாள் நிலைதான் கடைசிவரை.

கரும்பலகை
அந்தப் பெண் ஜனவரி சேர்க்கைக்குப் போயிருக்கலாமே? ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கும் படிப்புக்குக் கணக்கு நாள் ஜனவரி 1 ஆகிவிடும்.

ஆனால் இதைவிட மோசமான கண்ணி ஒன்று இருக்கிறது. பெற்றோர் வெளிநாட்டிலேயே இருக்க, பிள்ளையை மட்டும் இங்கே சித்தி வீட்டில் விட்டு ஏ லெவல் (பிளஸ் டூ மாதிரி) படிக்க வைப்பது. அந்த மூன்று வருஷத்தில் எந்தப் பகுதியிலும் இங்கே இருந்தது முழுநேரப் படிப்புக்காகவே என்று தெரிந்தால், நாள் கணக்கு சரியாக இருந்தும் அடிபடும். ஒரு பையனின் விளக்கக் கடிதத்தில் முதல் வரியே "படிப்பதற்காக இங்கிலாந்து வந்தேன்". மற்றதெல்லாம் நல்ல ஃபைல்.

ஆவணப்பெட்டி
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக் கடிதத்தில் நாலு விஷயம் வேண்டும்: போன தேதி, எந்த வேலைக்காக, எப்போது முடிவதாக இருந்தது, நீட்டித்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஏன். லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு. வேலையை விட்ட பிறகு எச்.ஆர். பதில் போடமாட்டார்கள், அதனால் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள். விடுமுறைக்கு வந்து போன முத்திரைகள் உள்ள பழைய பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள்.

ஃபீஸ் ஹோமா (உள்நாட்டு மாணவர் விகிதம்) ஓவர்சீஸா (வெளிநாட்டு மாணவர் விகிதம்) என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம். லோன் தருவது ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் என்ற அரசு அமைப்பு. ஒருவர் சரி என்றதால் மற்றவரும் சரி என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே காகிதங்கள், ஒரே தேதிகள் போகட்டும். ஹோம் கிடைத்தால் 2025-26க்கு ஃபீஸ் அதிகபட்சம் 9,535 பவுண்ட்.

வாழ்க்கைச் செலவு லோனுக்குப் பெற்றோர் வருமானம் கேட்பார்கள், 2025-26க்கு 2023-24 வரி ஆண்டு. துபாயில் வரி கிடையாது என்று பூஜ்யம் போட்டுவிடாதீர்கள், அந்தச் சம்பளத்தையும் காட்டவேண்டும். திரும்பி வந்ததில் வருமானம் 15 சதவீதமாவது குறைந்திருந்தால் நடப்பு ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

தேதி போய்விட்டதே என்று பயப்படவும் வேண்டாம். கல்வி ஆண்டின் முதல் நாளிலிருந்து 9 மாதம் வரை விண்ணப்பிக்கலாம்.

நெய்தல்
மழைக்கோட்டு, வீட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. கம்பெனியிடம் புதுக் கடிதம் கேட்டிருக்கிறார்கள்.