பதில்: ‘காலனியல் லேக்’ – தங்குசொல்னு வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘காலனியல் லேக்’ங்கிற மொழியியல் கருத்துக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு இந்த இழையில பேச்சு, சாரும் அக்காவும் ஆளுக்கொரு பேரு சொல்லியிருக்காங்க. சார் போட்ட "குடியேற்றப் பின்தங்கல்" எனக்கு மனசு ஒப்பல. 1958ல ஆல்பர்ட் மார்க்வார்ட்ங்கிற அமெரிக்க மொழியியலாளர் இந்தப் பேருல சொன்னது, தாய்நாட்டுல வழக்கொழிஞ்ச சொல் மக்கள் குடியேறிப் போன இடத்துல நிலைச்சு நிக்குதுங்கிறதத்தான். இலையுதிர் காலத்த அமெரிக்காக்காரங்க இன்னிக்கும் ஃபால்னுதான் சொல்றாங்க, அது இங்கிலாந்துலயே பொறந்த சொல்லு, இலை விழற காலம்னு அங்கயே பேசிட்டிருந்தாங்க, அப்புறம் பிரெஞ்சு வழியா வந்த ஆட்டம்ங்கிற சொல் அந்த இடத்தப் புடிச்சுக்கிச்சு. இதுல யாரு பின்தங்கினா?

நம்ம ஊருக்கே வாங்க. போன வாரம் கிருஷ்ணகிரி பைபாஸ்ல ஒரு பஞ்சர் கடைல நின்னுட்டிருந்தேன், மாங்கா லோடு ஏத்துன லாரி, பின் டயர் படுத்துடுச்சு, கடைப் பையன் ஜாக்கி போட்டுக்கிட்டே "ஸ்டெப்னில காத்து இருக்காண்ணா"ன்னு கேட்டான். எனக்கு சிலிர்த்துடுச்சு. வேல்ஸ்ல லனெல்லின்னு ஒரு ஊரு, அங்க ஸ்டெப்னி தெருவுல கடை வச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ல கொண்டுவந்த சாமான் அது. அந்தக் காலத்து காருல கூடுதல் சக்கரமே கிடையாது, பஞ்சர்னா நடுரோட்டுல உக்காந்து ஒட்டணும். இவங்க ஆரக்கால் இல்லாத வளையத்துல காத்தடிச்ச டயர மாட்டி, பஞ்சரான சக்கரத்தோட சேத்து கிளாம்ப் போட்டு இறுக்குற மாதிரி செஞ்சாங்க. இப்ப பிரிட்டன்ல ஸ்பேர் வீல், அமெரிக்கால ஸ்பேர் டயர். தெருப்பேரு மட்டும் நம்ம பையன் வாயில உசுரோட இருக்கு.

அக்கா சொன்ன "எச்சச்சொல்" அழகுதான், ஆனா பெயரெச்சம் வினையெச்சம்னு இலக்கணத்துல ஏற்கெனவே இருக்கறதால மாணவர்கள் குழம்பிடுவாங்க. "தங்குசொல்"னு வைக்கலாம்ங்கிறது என் கட்சி, நிகழ்வுக்கு "சொல்தங்கல்". ஆத்துல தண்ணி வடிஞ்ச பிறகும் ஏரில தங்கி நிக்குமே, அந்தத் தங்கல். குடியேற்றம்ங்கிற சொல்ல இதுல சேக்கவே வேணாம்னு நினைக்கறேன், ஏன்னா தமிழுக்குள்ளயே இது நடக்குது: சொல்றதுக்கு "பறைதல்"னு பழந்தமிழ்ல இருந்துச்சு, தர்மபுரி பக்கம் பறைன்னா கொட்டற பறைதான், கன்னியாகுமரில இன்னும் பேச்சுல அந்தப் பழைய பொருள் இருக்கு, மலையாளத்துலயும் இருக்கு. அங்க யாரும் காலனி அமைக்கலையே.

ஒரே ஒரு சிக்கல், டிக்கி. பழைய காருல பின்னாடி திறந்து உக்கார்ற சீட்டுக்கு பிரிட்டன்ல டிக்கின்னு பேரு, அமெரிக்கால ரம்பிள் சீட். நாம சாமான் வைக்கற இடத்த டிக்கிங்கறோம், அதுக்கு பிரிட்டன்ல பூட், அமெரிக்கால ட்ரங்க். சொல் தங்கிடுச்சு, பொருள் நகந்துடுச்சு. இத தங்குசொல்லுல சேக்கக் கூடாது, தனியா ஒரு பேரு வேணும். யாருக்காவது தோணுச்சுன்னா இந்த இழையிலயே போடுங்க.