புதுப்பிப்பு: பூநகரியில கள் இறக்கிற வீட்டுக்குப் போய் வந்தாச்சு

இலங்கையின்ர வடக்கில, வன்னியில பனங்கள் இறக்கிறதைக் கிட்ட நிண்டு பார்க்க எங்க போகலாம் எண்டு போன கிழமை கேட்டிருந்தன். பூநகரி எண்டு சொன்ன எல்லாருக்கும் நன்றி, நேற்றுப் போனன்.

விடியக்காலமையே கள் இறக்கிற அண்ணை தளநார் (காலில மாட்டுற நார் வளையம்) போட்டுப் பனையில ஏறிட்டார். பாளை நுனியில மெல்லிசா ஒரு சீவல், பிறகு முட்டியை (கள் சேருற சின்ன மண்பானை) திரும்பக் கட்டினார். உள்ளுக்குச் சுண்ணாம்பு பூசின முட்டியில கருப்பணி (புளிக்காத பதநீர்), பூசாததில கள். சுண்ணாம்புதான் புளிக்க விடாமல் தடுக்கிறது. ஒரே மரம், ரெண்டு ருசி! கருப்பணி நாக்கில ஒட்டுற இனிப்பு. கள்ளில நுரையோட இளம்புளிப்பு. பிளாவில (பனை ஓலையில செய்த குடிக்கிற ஏனம்) குடிக்கேக்க ஓலை வாசமும் சேர்ந்து வந்தது, அதை மறக்கமாட்டன்.

அந்த வீட்டு அக்கா கருப்பணியைக் காய்ச்சிக் குட்டானில (பனை ஓலையில இழைச்ச சின்னப் பெட்டி) பனங்கட்டி ஊத்தினா. பிள்ளையள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டினம் எண்டா. அது மனசில கிடக்கு.

போறவை காலமை 7 மணிக்கு முன்னம் போங்கோ, பிந்தினால் கள் நல்லாப் புளிச்சிடும்.